பகிரங்கப் போட்டியும் மூடிய கதவும்

உயர்தர வகுப்பில் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை விரித்து, ஆங்கிலச் சொற்களுக்கு நம்மவர் ஆக்கிக்கொண்ட தமிழ்ச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவித்துக்கொண்டிருந்தேன். 'பகிரங்கச் சுற்றுப்போட்டி' என்ற தொடர் வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், பகிரங்கப் போட்டி என்று ஒன்று இருந்தால், இரகசியப் போட்டி என்றும் ஒன்று இருக்க வேண்டுமே?"

வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன். 'எவரும் பங்குபற்றலாம் என்பதே பொருள்' என அகராதி விடையொன்றைக் கூறி அவளை அமர்த்திவிட்டேன். ஆனால், அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. எவரும் என்றால் யார் யார்? ஆட்டத்தில் மட்டும் பங்குபற்றலாமா, அன்றி ஆட்டம் முடிந்தபின் உள்ளே சென்று கதிரையில் அமரவும் செய்யலாமா? இக்கேள்வியைத் துரத்திக்கொண்டு போனவன், எனக்குச் சற்றும் உறவில்லாத கோல்ப் விளையாட்டின் வரலாற்றிற் போய் விழுந்தேன். அவ்விளையாட்டின் மிகப் பழைய பெரும்போட்டியை ஆங்கிலேயர் நாட்டுப் பெயரோ ஊர்ப் பெயரோ சேர்க்காமல், வெறுமனே 'பகிரங்கம்' என்றே அழைக்கின்றனர். உலகில் வேறு பகிரங்கமே இல்லை என்பது அவர்கள் எண்ணம் போலும்.

உறவில்லாத விளையாட்டு என்றேன். ஒரேயொரு நினைவு உண்டு. சிறுவயதில் நுவரெலியாவுக்குச் சென்றிருந்தபோது, நகரின் நடுவே விரிந்து கிடக்கும் புற்றரையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கனவான் ஒருவர் வெறுங்கையோடு முன்னே நடந்தார். என் வயதையொத்த பையன் ஒருவன் அவருடைய தடிப்பையைத் தோளிற் சுமந்து பின்னே நடந்தான். அடித்தவரின் முகம் நினைவில் இல்லை. சுமந்தவனின் முகம் இன்னும் நினைவில் இருக்கின்றது. பிற்காலத்தில் இவ்வரலாற்றைப் படித்தபோது, முதலாவது பகிரங்கப் போட்டியில் ஆடியவர்களும் அப்பையனின் இனத்தவரே என்று கண்டு வியந்தேன்.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலே சென் அன்ட்ரூஸ் என்னும் சிறு நகரம் இருக்கின்றது. அங்கே அலன் ரொபேட்சன் என்றொருவர் பந்து செய்து விற்று வாழ்ந்தார். தோலைத் தைத்து உறையாக்கி, அதனுள் ஒரு தொப்பி நிறைந்த வாத்திறகை அவித்துத் திணித்துச் செய்வது அக்காலத்துப் பந்து. கைதேர்ந்தவரும் ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேற் செய்ய இயலாது. ஆகையால் அதன் விலை உயர்ந்திருந்தது. ஆட்டமும் செல்வர்க்கே உரியதாயிருந்தது. செல்வர்கள் பந்தயம் கட்டினர். ரொபேட்சனைப் போன்ற தொழிலாளர் அவர்களுக்காகப் பை சுமந்தனர், தடி செதுக்கினர், சில வேளைகளில் அவர்களுடைய பணத்துக்காக ஆடியும் கொடுத்தனர். ரொபேட்சனிடம் தொழில் பழகிய இளைஞரே ரொம் மொரிஸ்.

1848 ஆம் ஆண்டளவில் புதியதொரு பந்து வந்தது. மலாய்க் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலை இறுக வைத்து உருட்டிச் செய்த பந்து அது. குட்டா பேர்ச்சா என்பது அப்பாலின் பெயர். நம் முன்னோர் உத்தியோகம் தேடிக் கப்பலேறிய அதே மலாய் நாட்டின் மரப்பால், ஸ்கொட்லாந்துக் கிராமத்துப் பந்துக்காரனின் அடுப்பில் மண் அள்ளிப் போட்டது! இறகுப் பந்தை நம்பி வாழ்ந்த ரொபேட்சன் அதனை வெறுத்தார். தம் மாணாக்கர் மொரிஸ் புதுப்பந்தால் ஆடினார் என்று அறிந்தபோது இருவருக்கும் பிணக்கு உண்டாயிற்று. மொரிஸ் வெளியேறி, 1851 இல் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊரின் புதிய கழகத்திற் புற்றரை காப்பாளராகப் பணியேற்றார். அவரை அழைத்துச் சென்ற படை அதிகாரி பேயர்லி என்பவரின் பெயரை மொரிஸ் பின்னாளில் தம் மகன் ஒருவனுக்கே சூட்டினார்.

ரொபேட்சன் 1859 இல் இறந்தார். தனியாட்டத்தில் அவரை வென்றவர் எவருமிலர் என்பது அக்காலத்தார் கூற்று. இனித் தலைசிறந்த ஆட்டக்காரன் யார் என்ற கேள்வி எழுந்தது. பிரெஸ்ட்விக் கழகத்தார் அதனைத் தீர்க்க ஒரு வழி கண்டனர். செந்தோலில் வெள்ளிப் பூண் பதித்த இடைக்கச்சை ஒன்றினை 25 பவுண் செலவிற் செய்வித்து, ஏனைய கழகங்களுக்குத் திருமுகம் அனுப்பினர். உங்களிடமுள்ள தொழில்முறை ஆட்டக்காரருட் சிறந்தோரை அனுப்புக. ஆனால் அவர்கள் 'மரியாதைக்குரிய' பை சுமப்போராக இருத்தல் வேண்டும் என்பதே அத்திருமுகத்தின் சாரம். அந்த அடைமொழியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். மரியாதைக்குரியோர் என்று சொல்ல வேண்டிய அவசியம் எப்போது வருகின்றது? அவர்களுடைய மரியாதையில் ஐயம் இருக்கும்போதுதானே!

1860 ஒக்டோபர் 17 ஆந் திகதி எண்மர் கூடினர். அவர்களுடைய உடை அழுக்கும் கிழிசலுமாய் இருந்தமையால், எக்லின்டன் பிரபு தம் பண்ணைத் தொழிலாளர் அணியும் கட்டம் போட்ட மேற்சட்டைகளை அவர்களுக்கு வழங்கினார். ஆட்டக்காரர் ஏமாற்றாமலிருக்கும் பொருட்டு, ஒவ்வொரு சோடியுடனும் கழகத்துக் கனவான் ஒருவர் கணக்கெழுதச் சென்றார். பன்னிரண்டு குழிகள் கொண்ட அம்மைதானத்தை ஒரே பகலில் மூன்று முறை சுற்றினர். மைதானத்தை வகுத்தவரே மொரிஸ். ஆகையால் வெற்றி அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் மசல்பரோ ஊரவரான வில்லி பார்க் 174 அடிகளில் முடித்தார், மொரிஸ் 176. பரிசுப் பணமாக ஒரு சதமும் இல்லை. இடைக்கச்சையை ஓராண்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்தல் வேண்டும், அவ்வளவே.

அப்போட்டி இன்னும் 'பகிரங்கம்' ஆகவில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். அது வேலைக்காரருக்கு மட்டும் உரிய போட்டி. தம்மையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டுமென்று கனவான்கள் விரும்பியபின், அடுத்த ஆண்டு, 1861 இல், இப்போட்டி உலகம் முழுவதற்கும் திறந்தது எனக் கழகத்தார் தீர்மானம் எழுதினர். கதவு திறந்தது; ஆனால் வேலைக்காரன் கனவானின் இடத்துக்கு வருவதற்காக அல்ல, கனவான் வேலைக்காரனின் களத்துக்கு வருவதற்காக. என் மாணவியின் கேள்விக்கு விடையின் முதற்பாதி இங்கே கிடைத்தது.

அவ்வாண்டு மொரிஸ் வென்றார். 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளிலும் அவரே. நாற்பத்தாறாம் வயதில் அவர் பெற்ற கடைசி வெற்றியை வயது முதிர்ந்தோர் எவரும் இன்றுவரை விஞ்சவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய மகன் வென்றான். அவனுக்கும் ரொம் என்றே பெயர், வயது பதினேழு. தந்தையை மூத்த ரொம் என்றும் மகனை இளைய ரொம் என்றும் மக்கள் அழைத்தனர். 1869 இல் மகன் முதலிடம், தந்தை இரண்டாமிடம். 1870 இல் இளையவன் 149 அடிகளில் முடித்து, அடுத்தவர்களைப் பன்னிரண்டு அடிகள் பின்தள்ளினான். 578 யார் நீளமான முதற்குழியை அன்று அவன் மூன்றே அடிகளில் முடித்தானாம். குட்டா பேர்ச்சாப் பந்தும் மரத்தடியும் கொண்டு அதனை எவ்வாறு செய்தான் என்பது ஆட்டம் அறிந்தோருக்கே வியப்பு. அறியாத எனக்குச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்று முறை தொடர்ந்து வென்றவனுக்கு இடைக்கச்சை சொந்தம் என்பது விதி. இருபது வயது நிரம்பாத பையன் அதனை எடுத்துக்கொண்டு வீடு சென்றுவிட்டான். கொடுப்பதற்குப் பரிசு இல்லாமையால் 1871 இற் போட்டியே நடைபெறவில்லை. பிரெஸ்ட்விக், சென் அன்ட்ரூஸ், எடின்பரோ ஆகிய இடங்களின் கழகங்கள் மூன்றும் தலைக்குப் பத்துப் பவுண் இட்டு, புதிய வெள்ளிப் பாத்திரம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தன. கிளாரட் என்னும் பிரெஞ்சுச் செந்திராட்சை மதுவை விருந்திற் பரிமாறும் குடுவையின் வடிவிலானது அது. இன்றும் வெற்றியாளர் கையில் ஏந்தி நிற்கும் குடுவை இதன் வழிவந்ததே. 1872 இல் இளைய ரொம் நான்காம் முறை வென்றபோது குடுவை இன்னும் தயாராகவில்லை. அவன் பதக்கம் ஒன்றையே பெற்றான். ஆயினும், குடுவையில் முதலிற் பொறிக்கப்பட்ட பெயர் அவனுடையதுதான். கனவான்களின் விருந்து மேசைக்குரிய பாத்திரத்தில் பந்துக்காரனின் மகனது பெயர்!

இதற்கு மேல் அவனைப் பற்றி நூலை வைத்துக்கொண்டு எழுத என்னால் இயலாது. ஏனெனில் அவன் ஊரை நான் கண்டிருக்கின்றேன். என் மகள் எடின்பரோவில் வாழ்கின்றாள். அவளிடம் சென்றிருந்த வேளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியே புகைவண்டி ஏறினேன். வண்டி போர்த் கழிமுகத்தின் மீதுள்ள பெரும் இரும்புப் பாலத்தைக் கடந்தது. கீழே சாம்பல் நிறக் கடல். 1875 செப்டெம்பரில் இப்பாலம் இருக்கவில்லை. அது 1890 இற்றான் திறக்கப்பட்டது. அந்தச் செப்டெம்பரில் இளைய ரொம்மும் தந்தையும் கழிமுகத்தின் தென்கரையிலுள்ள வட பேர்விக் என்னும் ஊரிலே, வில்லி பார்க்கையும் அவர் தம்பியையும் எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தனர். மனைவி பிரசவ வேதனையில் ஆபத்தான நிலையில் இருக்கிறாள் என்று தந்தி வந்தது. புகைவண்டியிற் சுற்றிச் செல்ல நேரமில்லை. ஒருவர் தம் பாய்க்கப்பலைக் கொடுத்து உதவினார். கப்பல் கரை சேருமுன்பே தாயும் சேயும் இறந்திருந்தனர். அவ்வாண்டு நத்தார் தினத்தன்று காலை, இளைய ரொம் தன் படுக்கையில் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டான். வயது இருபத்து நான்கு.

லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் நகருக்குச் சென்றேன். இடிந்துபோன பேராலயத்தின் மதிலோரம் அவன் கல்லறை இருக்கின்றது. தொப்பியணிந்து, பந்தின் மேற் குனிந்து அடிக்கத் தயாராய் நிற்கும் உருவம் கல்லிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. அறுபது கழகங்கள் பணம் சேர்த்து எழுப்பியது அது. அருகிலேயே தந்தையின் கல். மூத்த ரொம் 1908 வரை வாழ்ந்தார். மனைவியையும் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் தம் கண்முன்னே புதைத்தார். எண்பத்தாறாம் வயதில், கழகமொன்றின் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தார். அவர் அங்கத்தவராயிருந்த அக்கழகம் நகரின் பெருங்கழகம் அன்று, பிற்காலத்திற் தோன்றிய வேறொன்று. பெருங்கழகத்திடம் அவர் பல்லாண்டு புற்றரை காப்பாளராகச் சம்பளம் பெற்றார்.

அப்பெருங்கழகத்தின் மாளிகையை அடுத்துப் பார்த்தேன். 1854 இற் கட்டப்பட்ட கல் மாளிகை. பழைய மைதானத்தின் முதற்குழிக்கு நேர் பின்னே, கடலைப் பார்த்தபடி நிற்கின்றது. பகிரங்கப் போட்டியில் வென்றவரும், கூலிக்கு ஆடும் தொழிலாளி என்றால், இத்தகைய மாளிகைகளின் வாயிலைத் தாண்ட இயலாத காலம் ஒன்று இருந்தது. உடை மாற்றுவது தடி விற்கும் கடையின் மூலையில், உண்பது வெளியே. வெற்றிப் பட்டியலிலும் ஒரு வேறுபாடு. பணம் பெறாது ஆடும் கனவானின் பெயருக்கு முன்னே 'திரு' இடப்படும். தொழிலாளிக்கு வெறும் பெயர். நம்மூர்ப் பழைய அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1894 முதல் 1914 வரை நடந்த இருபத்தொரு போட்டிகளிற் பதினாறை மூவர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். ஹரி வார்டன் ஆறு, ஜே. எச். ரெய்லர் ஐந்து, ஜேம்ஸ் பிரெயிட் ஐந்து. ஒருவர் தோட்டக்காரரின் மகன், ஒருவர் சிறுவயதிற் பை சுமந்தவர், ஒருவர் தச்சர். தொழில்முறை ஆட்டக்காரருக்கு 1901 இற் சங்கம் அமைத்தவர்களுள் ரெய்லர் முன்னின்றார். ஆயினும் பணிவைக் கைவிடாத தலைமுறை அது. கதவை அவர்கள் தட்டவில்லை, திறக்கும்வரை காத்திருந்தனர். ரெய்லரையும் பிரெயிட்டையும் சென் அன்ட்ரூஸ் கழகம் கௌரவ அங்கத்தவராக்கியது 1950 இல். ரெய்லரின் முதல் வெற்றிக்கும் அதற்குமிடையே ஐம்பத்தாறு ஆண்டுகள். வார்டன் அதற்குமுன் 1937 இலேயே காலமாகிவிட்டார்.

காத்திருக்க மறுத்தவர் அமெரிக்கர் ஒருவர். 1920 இல் இங்கிலாந்தின் டீல் என்னும் ஊரில் நடந்த போட்டிக்கு வோல்டர் ஹேகன் வந்தார். நல்ல உடை, நல்ல உணவு, உரத்த சிரிப்பு. தொழிலாளியாயினும் தம்மைத் தொழிலாளியாகக் கருதாதவர். கழக மாளிகையில் உமக்கு இடமில்லை என்றபோது அவர் வாதாடவில்லை. சாரதியோடு கூடிய பெரிய மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி, மாளிகையின் முன்வாயிலிலேயே நிறுத்துவித்து, அதனைத் தம் உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். அப்போட்டியில் அவர் ஐம்பத்து மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார் என்பது வேறு கதை. எனினும் 1922 இல் அவரே வென்றார். 1923 இல் ட்ரூன் என்னுமிடத்தில் ஓரடியால் வெற்றியை இழந்தார். பரிசளிப்புக்காக மாளிகைக்குள் வருமாறு அன்று அவருக்கு அழைப்பு வந்தது. வாரம் முழுவதும் என் தோழர்களுக்குத் திறவாத கதவு இப்போது மட்டும் ஏன் திறக்கின்றது என்னும் கருத்துப்படப் பேசி, உள்ளே செல்ல மறுத்து, கூடியிருந்த மக்களை அயலிலுள்ள மதுச்சாலைக்கு வருமாறு அழைத்துச் சென்றார். ஹேகனிடம் ஆரவாரம் சற்று மிகுதி என்பார் உளர். நானும் ஆரவாரத்தை விரும்புபவனல்லேன். ஆனால் ரெய்லரின் ஐம்பத்தாறு ஆண்டுப் பொறுமையை எண்ணும்போது, அந்த மோட்டார் வண்டியின் மீது எனக்கு ஒரு பற்று உண்டாகிவிடுகின்றது.

அதே காலத்தில் மற்றோர் அமெரிக்கர், பொபி ஜோன்ஸ், பணம் பெறாது ஆடும் கனவான் வரிசையில் நின்று மூன்று முறை வென்றார். 1921 இற் சென் அன்ட்ரூஸில் ஆத்திரத்தோடு ஆட்டத்தை இடையிற் கைவிட்ட இளைஞர், 1927 இல் அதே மைதானத்தில் வென்று, குடுவை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார். அன்று தொட்டு மூலக் குடுவை மாளிகையை விட்டு நீங்குவதில்லை. வெற்றியாளர் ஓராண்டு வைத்திருப்பது அதன் படியையே. முதற்படியைப் பெற்றவர், 1928 இல், ஹேகன்! உள்ளே புக மறுத்தவர் கையில் உள்ளிருக்கும் பொருளின் சாயல். வரலாறு சில வேளைகளிற் கதாசிரியரை வெட்கப்படச் செய்கின்றது.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கு நெருங்கிய ஓர் அத்தியாயமும் உண்டு. முதலாவது போட்டி நடந்தது 1860 ஒக்டோபர் 17 என்றேன். அதே ஆண்டு நவம்பர் 16 ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளாகிய தமிழரையும் தெலுங்கரையும் ஏற்றிக்கொண்டு தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதற்கப்பல் அதுவே. இரண்டுக்கும் இடையே ஒரு மாதந்தான். இதில் விதியின் திருவிளையாடல் எதையும் நான் காணவில்லை. ஆனால் இரு கோடுகளும் ஒரு நூற்றாண்டின் பின்னர் வந்து சந்தித்தன.

கல்கத்தா வழியே அங்கு சென்ற வடவிந்தியக் கூலிகளின் வழித்தோன்றல் ஒருவர் டர்பனிற் பிறந்தார். சேவ்கோலம் என்பது அவர் பெயர். பப்வா என்று அழைத்தனர். வெள்ளையரின் மைதானத்திற் பை சுமந்தார். மரக்கிளையை வெட்டித் தடியாக்கித் தாமே ஆடப் பழகினார். கற்றுக்கொடுக்க யாரும் இல்லாமையால், எல்லோரும் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்துப் பிடிக்க, அவர் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடுதான் 1959 இல் ஒல்லாந்தின் பகிரங்கப் போட்டியை வென்றார். 1960 இலும் 1964 இலும் மீண்டும் வென்றார். 1963 இல் இங்கிலாந்தில் நடந்த 'பகிரங்கத்தில்' பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 1963 இன் தொடக்கத்தில், தம் சொந்த ஊராகிய டர்பனில், நேட்டால் பகிரங்கப் போட்டியை அவர் வென்றிருந்தார். பரிசளிப்பு வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் யாவரும் மாளிகைக்குள் சென்றுவிட்டனர். நிறவெறிச் சட்டத்தின்படி இந்தியர் உள்ளே செல்லலாகாது. வெற்றியாளர் வெளியே, மழையில் நின்றபடி, தம் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அப்படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. தென்னாபிரிக்காவை விளையாட்டுலகம் ஒதுக்கிவைக்க வேண்டுமென்ற குரலுக்கு அது வலுவூட்டியது. 1965 இல் அவர் கரி பிளேயர் என்னும் புகழ்பெற்ற வெள்ளை வீரரையே வென்றார். அடுத்த ஆண்டில் அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவொட்டாமல் தடுத்தது, கடவுச்சீட்டையும் பறித்தது. 1978 இல் வறுமையிற் காலமானார். டர்பனில் இன்று ஒரு கோல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி இருக்கின்றது.

மழையில் நிற்கும் அந்த மனிதரைப் பற்றி எழுதியபின் வேறெதனையும் எழுதக் கை வரவில்லை. ஆயினும் ஒரு வேடிக்கையையும் சொல்லாதுவிட்டால் வரலாறு முழுமை பெறாது. பகிரங்கம் என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் நம்பியவர் ஒருவர் இருந்தார். மொரிஸ் பிளிட்குரொப்ட், பாரோ என்னும் ஊரின் கப்பற்றளத்திற் பாரந்தூக்கி இயக்கியவர். நூல்நிலையத்திற் புத்தகம் இரவல் வாங்கி, அஞ்சலில் தடிகளை வரவழைத்துக் கடற்கரையிற் பழகினார். முழுச்சுற்று ஒன்றையேனும் ஆடியறியாதவர், 1976 இன் தகுதிகாண் சுற்றுக்கு விண்ணப்பித்தார். பணம் பெறாது ஆடுபவர் என்றால் தகுதிச் சான்று கேட்பர். தொழில்முறை வீரர் என்றால் கேட்பதில்லை. ஆகவே தொழில்முறை வீரர் என்றே எழுதினார்! அன்று அவர் எடுத்த அடிகள் 121. அதிகாரிகள் வெகுண்டு அவருக்குத் தடை விதித்தனர். அவரோ பிற்காலத்திற் பொய்ப்பெயர்கள் பூண்டு மீண்டும் மீண்டும் வந்தார். அவர் செய்தது சரியென்று மாணவருக்கு நான் போதிக்கமாட்டேன். ஆனால் உலகம் முழுவதற்கும் திறந்தது என்று 1861 இல் எழுதியவர்கள் அவரைப் போன்ற ஒருவரை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பெண்களின் கதை இன்னும் பிந்தியது. சென் அன்ட்ரூஸ் கழகம் பெண்களை அங்கத்தவராகச் சேர்க்க 2014 இற்றான் வாக்களித்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியில் அப்போது ஒரு பெண் இருந்தார்; அவருக்கு முன் அப்பதவியை வகித்த ஆண்களுக்குக் கிடைத்த கழக அங்கத்துவம் அவருக்குக் கிடைக்காதிருந்தது. குடுவைக்குப் பத்துப் பவுண் இட்ட எடின்பரோக் கழகம் இப்போது மியூர்பீல்ட் என்னுமிடத்தில் இருக்கின்றது. 2016 இல் அதன் அங்கத்தவரிற் பெண்களை ஏற்போர் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. இனி உங்கள் மைதானத்திற் பகிரங்கம் நடவாது என்று உடனே அறிவிக்கப்பட்டது. 2017 இல் மீண்டும் வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டனர். 2019 இல் முதற்பெண்கள் அங்கத்தவராயினர். 2022 இற் பெண்களின் பகிரங்கப் போட்டி அங்கே நடந்து, தென்னாபிரிக்கரான ஆஷ்லி புகாய் வென்றார்.

நான் சென்ற நாள் ஞாயிற்றுக்கிழமை என்றேனல்லவா? சென் அன்ட்ரூஸின் பழைய மைதானம் எந்தக் கழகத்துக்கும் சொந்தமானதன்று. அப்புல்வெளியில் ஊர் மக்களுக்குள்ள உரிமை 1552 ஆம் ஆண்டின் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. முயல் வளர்க்கவும் பந்தாடவும் உரிமை. ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும்போட்டி நாட்கள் நீங்கலாக, அங்கே ஆட்டம் இல்லை. புல்லுக்கும் ஓய்வு வேண்டுமென்று மூத்த ரொம் கட்டிக்காத்த வழக்கம். அன்று அது ஊர்ப் பூங்கா.

பதினெட்டாங் குழியின் புற்றரையருகே நடந்தேன். தாய்மார் தள்ளுவண்டிகளில் குழந்தைகளை வைத்து உருட்டிச் சென்றனர். முதியவர் ஒருவர் நாயொன்றை அவிழ்த்துவிட்டார். அது சம்பியன்கள் நடந்த சிறு கற்பாலத்தின் மீது பாய்ந்தோடி, நீரோடையில் இறங்கி, உடல் சிலிர்த்துக்கொண்டு வந்தது. எவரும் எவரையும் யாரென்று கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. மாளிகையின் பெரிய யன்னல்களில் மாலை வெயில் பட்டுத் தெறித்தது. உள்ளே யாரும் இருந்தார்களா என்று தெரியவில்லை.

பேருந்துக்கு அரை மணி நேரம் இருந்தது. கடையொன்றில் அம்மாளிகையின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை வாங்கி, என் மாணவியின் பெயரை எழுதினேன். அவளும் இப்போது ஓர் ஆசிரியை. கேள்வி நல்ல கேள்விதான் என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் அட்டையில் இடம் போதவில்லை. மிகுதியை இங்கே எழுதியிருக்கின்றேன்.